நாலாவது வருஷம், ஒரு கிண்ணம் நிறைய

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு புளூபெர்ரி செடிகள் நிற்கின்றன. இன்று காலை முதல்முறையாக ஒரு கிண்ணம் நிறையப் பறித்தேன். மனசு நிறைந்துவிட்டது.

முதல் இரண்டு வருஷமும் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் போட்டேன். குறை மண்ணில் இருந்திருக்கிறது! இந்தச் செடிக்கு நல்ல அமில மண் வேண்டும், பிஹெச் (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 4.5-லிருந்து 5.5-க்குள். அதைத் தாண்டினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மண்ணில் அமிலத்தைக் கூட்டக் கந்தகத்தூள் கலந்தேன். அது வேலை செய்யப் பல மாதம் ஆகும், அவசரப்படாதீர்கள். மேலே பைன் ஊசியிலைகளைக் கனமாகப் பரப்பினேன். வேர் மேலாக ஓடுவதால் அடியில் கொத்தவே கூடாது.

இந்த மாநிலத்தில் இதை வளர்ப்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. காட்டுப் புதராகக் கிடந்ததை எலிசபெத் வைட்டும் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவிலும் தோட்டப் பயிராக்கியது இங்கே வைட்ஸ்பாக்கில்தான். 1916-ல் முதல் அறுவடை விற்பனைக்குப் போனது. அமில மண் ரகசியத்தைக் கண்டறிந்தவரும் அந்தத் தாவரவியலாளர்தான்.

அப்புறம் ஒன்று. நீலம் ஏறியதும் பறித்துவிடாதீர்கள். நாலைந்து நாள் விட்டால்தான் இனிப்பு கூடும். பறவைகளுக்கும் அது தெரியும்! மூன்று செடிக்கு வலை போட்டிருக்கிறேன். ஓரத்துச் செடி ராபின்களுக்கு.