பரலைக் கழுவ வேண்டாம்

இலங்கையின் சமகாலக் கலையைக் காட்சிக்கு வைக்கிறவருக்கு ஆணியும் வெளிச்சமும் பெரிய தலையிடி அல்ல. எது அழுக்கு, எது படைப்பு என்று பிரித்தறிவதுதான் தலையிடி. 1943 இல் கொழும்பில் தொடங்கிய நவீன ஓவியர் அமைப்பான 43 குழுவின் ஓவியங்களில் இந்தக் குழப்பம் இல்லை. அக்குழுவின் ஜோர்ஜ் கீற்றின் கான்வஸில் தூசு படிந்தால் அது வெறும் தூசுதான். அந்தத் தலைமுறைக்கு இலங்கையராகவும் நவீனராகவும் இருப்பது எப்படி என்பதே கேள்வி. 1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள், குறிப்பாகத் தொண்ணூறுகளில் ஓவியர் ஜகத் வீரசிங்கவும் அவரோடு வளர்ந்தவர்களும், அந்த 'இலங்கையர்' என்ற அடையாளம் யாரை என்ன செய்தது என்று கேட்டார்கள். கேள்வி மாறியபோது கலைக்கூடத்துக்குள் வந்த பொருட்களும் மாறிவிட்டன.

ஓவியர் சந்திரகுப்த தேனுவரவின் பரல்களையே, அதாவது இரும்புப் பீப்பாய்களையே, எடுப்போம். சோதனைச் சாவடிகளில் வீதியை மறித்து நின்ற, உருமறைப்பு வர்ணம் பூசிய பரலை 1997 இல் அவர் கலையாக்கினார். இப்படியான பொருளைக் கையாளும்போது முதலில் செய்யக்கூடாதது, துரு தெரிகிறதே என்று உரசி மறுவர்ணம் பூசுவது. உதிரும் துருவை மட்டும் மென்தூரிகையால் எடுத்தால் போதும். 200 லீற்றர் பரல் வெறுமையாக இருந்தாலும் 20 கிலோ வரை வரும். உருட்டினால் விளிம்பு வர்ணம் உரிந்துவிடும். இருவர் தூக்கவேண்டும். அடியில் மெல்லிய பிளாஸ்ரிக் தகடு வைக்காவிட்டால், ஈரக்காற்றில் சில வாரத்துக்குள் தரையில் துரு வளையம் விழும்.

இடைவெளிதான் உண்மையான சண்டை. சாவடியில் பரல்கள் வளைந்து வளைந்து போகவைக்கவே நின்றன. கூடத்தில் சக்கர நாற்காலிக்கு 90 சென்ரிமீற்றராவது வழி விடவேண்டும். அளவை இன்னும் கூட்டிக்கொண்டே போனால் நெருக்கடி போய் அலங்காரம்தான் மிஞ்சும். சுவரோரமாக வரிசைகட்டி வைப்பது எல்லாவற்றிலும் மோசம். போர் முடிந்த 2009 க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பரல் என்றால் தார் வேலைதான் ஞாபகம் வரும். அவர்களுக்காக, பொருள் எங்கே நின்றது, எதற்காக நின்றது என்று விளக்கப் பலகையின் முதல் வரியிலேயே எழுதவேண்டும். கலைக் கோட்பாடு பிறகு வரட்டும்.

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் 'முழுமையுறாத தோம்பு' வேறு வகைச் சோதனை. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் ஞாபகத்திலிருந்து வரைந்த தங்கள் வீட்டுத் தரைப்படம், அதைக் கட்டடக்கலைஞர் ஒழுங்காக்கிய வரைபடம், சனாதனனின் உலர் பாஸ்டல் (தூள் உதிரும் வர்ணக்குச்சி) சித்திரம் என்று அடுக்கடுக்காகப் போகும் நூல் அது. நூலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் பெரும்பாலும் பாஸ்டல் பக்கத்தையே திறந்துவைப்பார்கள், அழகாக இருக்கும் என்பதால். வீட்டுக்காரரின் அளவு பிசகிய கோடு மறைந்துவிட்டால் யாருடைய வீடு என்பதே மறைந்துவிடும். அச்சு நூல் என்பதால் இரண்டு பிரதி வைக்கலாம்: ஒன்று பெட்டிக்குள், 50 லக்ஸ் வெளிச்சத்தில், 120 பாகைக்கு மேல் விரியாமல் ஆப்புத் தாங்கியில், மற்றது மேசையில், வருபவர் புரட்ட. கையுறை வேண்டாம். கழுவி உலர்த்திய கையே தாளுக்குப் பாதுகாப்பு.

பாஸ்டல் மூலச் சித்திரங்களைச் சட்டமிடும்போது அக்ரிலிக் தகட்டைத் தவிர்க்கவேண்டும். அது நிலைமின்னால் நிறத்தூளை இழுத்துவிடும். கண்ணாடிதான் சரி, தாளிலிருந்து 6 மில்லிமீற்றராவது தள்ளி. சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் தாளுக்கும் நடுவே காற்றோடும்.

கொழும்பில் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் குளிரூட்டியை நிறுத்துகிறார்கள். பகலில் 55, இரவில் 80 என்று தாள் விரிந்து சுருங்கும். நிலையாக 60 இல் வைத்திருப்பது இந்த ஊஞ்சலைவிட எவ்வளவோ மேல். 70 ஐத் தாண்டி நீண்ட நாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் முதலில் சட்டத்தின் பின்பக்கத்தில்.

கடைசியாக, மும்மொழிப் பலகை. தமிழ் வாசகம் பெரும்பாலும் மற்ற இரண்டையும்விட நீளமாகத்தான் வரும். வழக்கமாகப் பலகையின் அளவை முதலில் தீர்மானித்துவிட்டு, இடம் போதாமல் தமிழ் எழுத்தைக் குறுக்குவார்கள். போரைப் பற்றிய படைப்பின் பக்கத்தில் அந்தக் குறுகல் யாருக்கும் தப்பாது கண்ணில் படும். தமிழை முதலில் அமைத்து, அதற்கேற்ற அளவில் பலகையை வெட்டக் கொடுத்தால் வேலை ஒரே தடவையில் முடியும்.