தம்பியோட நுரையீரல், என்னோட செல்

ஆகஸ்ட் 7, 2023
என்னோட ஸ்டெம் செல்லை (ரத்தம் ஊற வைக்கற மூல செல்) தம்பிக்கு ஏத்தற டிரான்ஸ்பிளான்டுக்கு முன்னாடி, இன்னைக்கு அவனுக்கு முழு உடம்பு ரேடியேஷன் ஆரம்பிச்சாச்சு. காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, மூணு நாளைக்கு, மொத்தம் 12 கிரே (கிரேங்கறது கதிர் டோஸ அளக்கற அலகு). எக்ஸ்ரே எடுக்கற வேகத்துல முடியற விஷயம் இல்ல, மிஷினுக்கு ரொம்ப தூரமா படுக்க வெச்சு மெதுவாத்தான் குடுக்கறாங்க, வேகமா குடுத்தா நுரையீரல் தாங்காதாம். காலுக்கு நடுவுல, கழுத்தோரம் எல்லாம் குட்டிக் குட்டி அரிசிப் பை வெச்சு அடைக்கறாங்க, நெஜ அரிசிங்க! உடம்பு ஒல்லியா இருக்கற எடத்துல டோஸ் கூடிடக் கூடாதுன்னு. இவன் டெக்னீஷியன்கிட்ட "பொன்னியாண்ணா, இட்லி அரிசியா"ன்னு கேட்டிருக்கான். கையை ரெண்டு பக்கமும் நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கணும். நுரையீரல் பூரா காத்துதானே, கதிர் தடையில்லாம பாஞ்சு அங்க டோஸ் ஏறிடும், அதுக்கு கையே ஒரு தடுப்பு. சில எடத்துல ஈயக் கட்டி வெச்சு மறைப்பாங்களாம்.

ஆகஸ்ட் 13
ரெண்டு நாள் எண்டாக்சான் கீமோவும் முடிஞ்சு இன்னைக்கு என் ஸ்டெம் செல் ஏறிடுச்சு. செல் எடுக்கறதுக்காக எனக்கு ஊசி போட்டதுல இடுப்பு கழண்டு விழற வலி, அது கெடக்குது.

செப்டம்பர் 12
ரத்த அணுக்களோட கவுண்ட் ஏறி தம்பி டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரி பக்கத்துலயே ரூம் எடுத்திருக்கோம். மூணு பந்து வெச்ச ஊதற சாமானத்துல தினமும் மூச்சிழுக்கணும், மூணாவது பந்தும் ஏறுது.

அக்டோபர் 3
ரெண்டு நாளா வறட்டு இருமல். சளி இல்ல, ஜுரம் இல்ல. அம்மா துளசி கஷாயம்னு ஆரம்பிச்சாங்க, வேணாம்மான்னுட்டேன். உக்காந்திருந்தா ஆக்சிஜன் 96, வராண்டாவுல ஒரு நடை போயிட்டு வந்தா 89. நைட்டே போன் பண்ணோம், உடனே கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. டிரான்ஸ்பிளான்ட் ஆனவங்களுக்கு "சாதா இருமல்"னு ஒண்ணு கெடையாது, இத அடிக்கோடு போட்டுக்கங்க.

அக்டோபர் 4
சிடி ஸ்கேன்ல நுரையீரல் ரெண்டு பக்கமும் மார்கழிப் பனி மாதிரி வெள்ளையா படர்ந்திருக்கு. சிஎம்வி வைரஸா, பூஞ்சையா, பிசிபியா (எதிர்ப்பு சக்தி இல்லாதவங்களுக்கு வர்ற ஒரு வகை பூஞ்சை நிமோனியா), இல்ல ரேடியேஷன் வேலையா, எதுவா வேணா இருக்கலாமாம். ராத்திரி தூக்கம் வராம படிச்சிட்டிருந்தேன். அமெரிக்காவுல சியாட்டில்ல எலும்பு மஜ்ஜை டிரான்ஸ்பிளான்டுக்கு வழி போட்ட டாக்டர் டொனால் தாமஸ், அவர் டீம் ஆரம்பத்துல 10 கிரேயையும் ஒரே வாட்டியா குடுத்திருக்காங்க, நிமோனியாவுல நெறைய பேர் போயிருக்காங்க. அப்புறம்தான் பிரிச்சுப் பிரிச்சு குடுக்கற முறை வந்தது. அந்த மனுஷனுக்கு 1990ல நோபல்.

அக்டோபர் 6
பிராங்கோஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டு நுரையீரல பாக்கறது. நுரையீரலுக்குள்ள சலைன் விட்டு உறிஞ்சி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிட்டாங்க. இருமி இருமி ஓய்ஞ்சுட்டான்.

அக்டோபர் 8
ரிப்போர்ட்ல எல்லாமே நெகடிவ். அம்மா சாமி கும்பிட்டாங்க, டாக்டர் மூஞ்சில சிரிப்பே இல்ல. கிருமி சிக்குனா அதுக்குன்னு மருந்து இருக்கு, ஒண்ணும் சிக்கலன்னா நுரையீரலே புண்ணாகி வீங்கியிருக்குன்னு அர்த்தம், ஸ்டீராய்டுதான் வழி. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இல்லாத பையனுக்கு அதையும் குறைக்கற மருந்து! தயங்கித் தயங்கி, "டாக்டர், என் செல்தான் தாக்குதா"ன்னு கேட்டேன். ரேடியேஷனும் கீமோவும் முதல்ல புண்ணாக்கும், அதுமேல டோனர் செல்லும் போய் வீக்கத்த கூட்டலாம், இதுல எது எவ்ளோன்னு பிரிச்சு சொல்ல முடியாதும்மா, ஆனா அவன் ரத்தம் இன்னைக்கு ஊறுறதும் அதே செல்லாலதான்னாரு. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல.

அக்டோபர் 13
ஆக்சிஜன் 6 லிட்டர்ல இருந்து 2க்கு வந்தாச்சு. சுகர் 280. எல்லார் மேலயும் எரிஞ்சு விழறான், ராத்திரி ரெண்டு மணிக்கு தோசை கேக்கறான். எல்லாம் ஸ்டீராய்டு பண்ற வேலை.

நவம்பர் 21
டோஸ் குறைச்சதும் இருமல் திரும்பிடுச்சு, மறுபடி ஏத்திட்டாங்க. இனிமே ரொம்ப மெதுவாத்தான் இறக்கணுமாம்.

டிசம்பர் 18
கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்கார வெச்சு "ஊது ஊது ஊது"ன்னு கத்தி பிஎஃப்டி, அதாவது நுரையீரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற டெஸ்ட், எடுத்தாங்க. காத்துல இருந்து ரத்தத்துக்கு வாயு போற அளவு 58 சதவீதம், டிரான்ஸ்பிளான்டுக்கு முன்னாடி 84. முழுசா திரும்புமான்னு கேட்டா பாக்கலாம்ங்கறாங்க. படி ஏறினா பாதியில நிக்கறான், ஆனா ஆக்சிஜன் வெக்காமலே நிக்கறான். வீட்டுல ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாத்துக்கும் தடா, அம்மாவுக்கு அதுல பெரிய வருத்தம். என் கவலை போகிதான். எங்க தெருவுல விடியக்காலையில டயர் கொளுத்துவானுங்க. அந்த வாரம் ஊருக்குள்ளயே இல்லாம சித்தி வீட்டுக்கு போயிடலாமா, அங்கிருந்து ஆஸ்பத்திரி தூரமாச்சேன்னு வெள்ளிக்கிழமை ஓபில கேக்கணும்.