ஜெர்மனியில் மேற்படிப்பு: ரேங்க் தேவையில்லை, நாக்கு புரள வேண்டும்

நீட் பிஜி ரேங்க் வந்ததும், ஜெனரல் மெடிசின் எனக்கு எட்டாது என்று தெரிந்துவிட்டது. அமெரிக்கா என்றால் யுஎஸ்எம்எல்இ என்கிற உரிமத் தேர்வுகள், அப்புறம் பயிற்சி இடம் ஒதுக்கும் மார்ச் மாத மேட்ச். இங்கிலாந்தில் பிளாப் தேர்வு எழுதி மருத்துவராகப் பதிவு வாங்கலாம். பயிற்சி இடத்துக்குத் தனியாக முட்டி மோத வேண்டும். ஜெர்மனியில் நுழைவுத்தேர்வும் இல்லை, கவுன்சலிங்கும் இல்லை. மருத்துவமனைக்கே நேராக விண்ணப்பிக்கலாம். சேர்ந்த மாதத்திலிருந்து மருத்துவருக்குரிய சம்பளம். அதனால் ஜெர்மனி.

சென்னையிலேயே ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை முடித்தேன். ஜெர்மனியின் எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறோமோ, அங்கேதான் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் கேட்கும் காகிதம் வேறு. அந்த அலைச்சலைச் சொல்லி மாளாது, விடுங்கள்.

உண்மையான சோதனை எஃப்எஸ்பி என்கிற மருத்துவ மொழித் தேர்வு. பி2-வுக்கு அடுத்த படியான சி1 தரம், மூன்று பகுதி, தலா 20 நிமிடம். முதலில், நோயாளியாக நடிப்பவரிடம் விவரம் கேட்க வேண்டும். எனக்கு வாய்த்தவருக்கு நெஞ்சுவலி. மாத்திரைப் பெயரை விழுங்கி விழுங்கிச் சொன்னார். நடுவில் சட்டென்று, "மாரடைப்பா டாக்டர்?" என்றார். பயமுறுத்தவும் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. ஓபி நெரிசலில் "ஈசிஜி எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பியே பழகியவனுக்கு, நிதானமாக ஆறுதல் சொல்வதுதான் இலக்கணத்தைவிடக் கஷ்டம். அடுத்த 20 நிமிடத்தில் அதையே மருத்துவ அறிக்கையாக எழுத வேண்டும். கடைசியில் மூத்த மருத்துவரிடம் கேஸ் சொல்ல வேண்டும். நோயாளியிடம் பேச்சுவழக்கு, மருத்துவரிடம் லத்தீன் சொற்கள். மாற்றிப் பேசினால் மதிப்பெண் போகும்.

அதில் தேறியதும் தற்காலிக உரிமம் கிடைத்தது. அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும். அந்த உரிமத்தில் வேலை பார்த்துக்கொண்டே, மருத்துவமும் அறுவை சிகிச்சையும் கேட்கும் வாய்மொழித் தேர்வுக்குப் படித்தேன். அதைத் தாண்டினால்தான் அப்ரோபாட்சியோன் என்கிற நிரந்தர உரிமம்.

நேர்காணலில் சம்பளத்தைவிட முக்கியமாக ஒன்று கேளுங்கள்: துறைத் தலைவருக்கு எத்தனை ஆண்டு பயிற்சி தர அனுமதி இருக்கிறது? பொது மருத்துவச் சிறப்புப் பயிற்சி 5 ஆண்டு. அவருக்கு 2 ஆண்டு அனுமதிதான் என்றால், மீதிக்கு வேறு மருத்துவமனை தேட வேண்டியது நீங்கள்தான்.