கோத்தகிரியில் காது பழகிய மூன்று நாட்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் பேருந்தில், மடியில் நீளமான பையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, மீன் பிடிக்கவா போகிறீர்கள் என்று நடத்துநர் கேட்டார். காசு தேடப் போகிறேன் என்று சொல்லத் துணிவில்லாமல் தலையை ஆட்டிவைத்தேன். பையில் இருந்தது மெட்டல் டிடெக்டர். நண்பனின் மாமாவுக்கு அரவேனு பக்கம் கொஞ்சம் தேயிலையும், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லைன் வீடுகள் இடிந்து மண்மூடிப்போன ஒரு மேடும் உண்டு. காப்புக்காட்டுக்குள்ளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களிலும் இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு நுழையவே கூடாது. அதனால், உரிமையாளரே வாய்விட்டு அழைத்த அந்த மேடுதான் எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம்.

மேலாகக் கிடக்கும் காசை எவரும் கண்டுபிடித்துவிடலாம். கருவி மணி அடித்தாற்போலச் சொல்லிவிடும். ஆழத்தில் கிடப்பதுதான் எனக்கு அதுவரை பிடிபடவில்லை. கருவியின் அடிமுனையில் உள்ள காயில் என்ற கம்பிச்சுருளிலிருந்து புறப்படும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் சின்னஞ்சிறு காந்தப்புலம் திரும்பி வந்து காயிலைத் தொடுகிறது. காயிலின் அருகாமையை விட்டு விலகியபின் போகும் வழியிலும் அது தொலைவின் மும்மடிக்கு ஏற்பத் தேய்கிறது, வரும் வழியிலும் அப்படியே தேய்கிறது. ஆகவே ஆழம் இரட்டித்தால் திரும்பும் குரல் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு நீலகிரியின் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு மிகுதி என்பதால், காசு முனகுவதற்கு முன்பே மண் பேசத் தொடங்கிவிடுகிறது.

முதல் நாள் என் முட்டாள்தனத்தில் கழிந்தது. பயிற்சிக்காக நானே சில ஒரு ரூபாய் நாணயங்களைப் புதைத்துவைத்து அவற்றின் ஒலியைக் கேட்கலாம் என்று திட்டமிட்டிருந்தேன். எதைத் தொட்டாலும் கருவி ஆணியைக் கண்டதுபோல உறுமியது. அரை நாள் கருவியைத் திட்டித் தீர்த்த பிறகுதான், இன்றைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு என்பது உறைத்தது. பித்தளை நிறத்து ஐந்து ரூபாய்களை மாமியிடம் கடன் வாங்கி, 4, 6, 8 அங்குல ஆழங்களில் புதைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குச்சியை நட்டேன்.

இரண்டாம் நாள் முழுவதும் அந்த மூன்று குச்சிகளோடுதான். நான்கு அங்குலக் காசு தெளிவாகக் கூவியது; ஆறு அங்குலத்தில் குரல் தணிந்தது; எட்டு அங்குலத்தில் முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. மண்ணின் குரலை அடக்கும் கிரவுண்ட் பேலன்ஸை மறுபடி சரிசெய்து, கருவி விடாமல் எழுப்பும் அடிச்சுருதி ஹெட்போனில் மெல்லக் கேட்கும் அளவுக்கு வைத்து, காயில் புல்லை உரசும்படி தாழ்த்தி, வழக்கத்தில் பாதி வேகத்தில் வீசியபோதுதான் ஒரு மாற்றம் புலப்பட்டது. அது ஒலி என்றுகூடச் சொல்ல முடியாது. தம்புராவைக் கேட்டுக்கொண்டே இருக்கையில் யாரோ தந்தியை ஒரு மயிரிழை முறுக்கியதுபோல, சுருதி சற்றே எழும்பி, ஓரங்கள் மழுங்கி, மீண்டும் அமர்ந்தது. திரையில் எந்த உலோகம் என்று காட்டும் எண்கள் ஒரே இடத்தில் நிற்காமல் இரும்பின் பக்கம் தாவித் தாவி ஓடின. திரையை மட்டும் நம்பியிருந்தால் குப்பை என்று நகர்ந்திருப்பேன்.

“என்ன தம்பி, காலையிலிருந்து ஒரே இடத்தையே கூட்டிக்கிட்டு இருக்கீங்க, எங்க வாசலையும் கொஞ்சம் கூட்டுங்களேன்” என்றார் மாமா.

இரும்பும் இப்படித்தான் ஏமாற்றும். புதைந்த ஆணி ஒருபுறமிருந்து வீசும்போது இனிமையாகப் பாடும். தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினால் குரல் உடைந்து கரகரக்கும், அல்லது இடம் மாறிவிடும். காசு வட்டமானது என்பதால், அது படுத்திருக்கும் வரை எந்தத் திசையிலிருந்து கேட்டாலும் அதே மெல்லிய எழுச்சியை, அதே புள்ளியில் தருகிறது. மண்ணின் முணுமுணுப்போ காயிலைச் சற்று உயர்த்தியதும் பரவலாகக் கரைந்துபோகும். இந்த வேறுபாட்டைப் படித்திருந்தேன். காதுக்கு ஏறியது அன்றுதான்.

மூன்றாம் நாள் காலை, இரவு பெய்த ஐப்பசி மழையில் மேடு ஊறிக் கிடந்தது. நான்கைந்து கம்பித்துண்டுகளும் ஒரு தகரமூடியும் வந்தபின், கொய்யா மரத்தடியில் அந்த எழுச்சி கேட்டது. திரும்பி நின்று வீசினேன், இருந்தது. கிழக்கிலிருந்து, மேற்கிலிருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறையும் வீசினேன், இருந்தது. புல்லை ஒரு மூடியைப் போலச் சதுரமாக வெட்டிப் புரட்டி, மண்கொத்தியைப் பக்கவாட்டில் இறக்கினேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில், செம்மண் உருண்டைக்குள் பச்சைக் களிம்பேறிய ஓட்டைக் காலணா.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்பை மிச்சப்படுத்துவதற்காக நடுவில் துளையிட்டு 1943இலிருந்து அடித்த நாணயம் அது. எடை இரண்டு கிராம்கூட இராது. நடுவே இவ்வளவு பெரிய துளை இருந்தும் அது எப்படிக் குரல் கொடுத்தது என்று மாமா கேட்டார். சுழல் மின்னோட்டம் பெரும்பாலும் காசின் விளிம்பை ஒட்டியே சுற்றுவதால், நடுவில் ஒன்றுமில்லாதது அதற்கு அவ்வளவாக உறைப்பதில்லை. வளையல்கூடக் கருவிக்கு நன்றாகவே கேட்கும்.

மாலையில் தேநீர் குடிக்கும்போது, மண்ணுக்கடியில் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்வதை, சும்மா பேச்சோடு பேச்சாகத்தான் சொல்லிவைத்தேன். மறுநாள் நான் பேருந்துக்குக் கிளம்பியபோது மாமா ஒரு வெள்ளைத்தாளில் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதி முடித்து, ‘நாணயத்தின் மதிப்பு’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.