பட்டா, கட்டா, தட்டா?

போன ஆவணியில் கும்பகோணத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். நான் நின்ற இடத்துக்கும் தவிலுக்கும் மூன்றடிகூட இருக்காது. மேடையிலிருந்து அத்தை, "டேய், பட்டு எடுத்துட்டு வாடா!" என்று கத்தினார். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

மணமகள் அறை பூட்டியிருந்தது. சாவி பெரியம்மா இடுப்பில், பெரியம்மா பந்தியில். ஒருவழியாகச் சாயங்கால ரிசப்ஷன் பட்டைப் பெட்டியோடு தூக்கி வந்தால், அத்தை தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கத்தினார். ஓ, கட்டா! ஸ்டோர் ரூமுக்கு ஓடி, ஈரத்துணி சொட்டச் சொட்ட வெற்றிலைக் கட்டை நீட்டினேன்.

அவர் கேட்டது தட்டு. அட்சதைத் தட்டு.

என் காதை யாரும் குறை சொல்ல வேண்டாம். 1955-லேயே அமெரிக்காவில் மில்லர், நைஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 16 ஆங்கில மெய்யொலிகளை இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கவிட்டு, எது எதுவாகக் கேட்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டார்கள். மூக்கொலியா இல்லையா என்பது நல்ல இரைச்சலிலும் தப்பிப் பிழைத்துவிடுகிறது. உதட்டில் பிறந்ததா, பல்லருகிலா, தொண்டைப் பக்கமா என்பதுதான் முதலில் அடிபடுகிறது. நம் கணக்கில் சொன்னால், தவில் வல்லினத்தை வல்லினத்தோடுதான் குழப்பும். அதனால்தான் தட்டு எனக்குப் பட்டாகவும் கட்டாகவும் கேட்டதே தவிர, 'மட்டு' என்று கேட்கவில்லை. வேறு இடமென்றால் பேச்சின் போக்கை வைத்தாவது ஊகிக்கலாம். கல்யாண வீட்டில் மூன்றுமே வேண்டிய சாமான்!

மூன்றாவது தடவை அத்தை என் முகத்துக்கு நேரே வந்து சொன்னார். அப்போதுதான் கவனித்தேன், உதடு ஒட்டவே இல்லை. ப இல்லையென்று காது சொல்லாததைக் கண் சொல்லிவிட்டது. தட்டோடு நான் வருவதற்குள் கெட்டிமேளம் முடிந்து, பாதிப் பேர் வெறுங்கையை வீசி ஆசீர்வதித்திருந்தார்கள்.

வீடியோ வந்தது. எடிட்டர் அந்த இடத்தில் பாட்டைப் போட்டுவிட்டதால் குரல் இல்லை. நான் வெற்றிலைக் கட்டை நீட்டும்போது அத்தை என்னவோ சொல்கிறார். முதல் எழுத்துக்கு உதடு நன்றாக ஒட்டிப் பிரிகிறது. ப-வா ம-வா என்பதுதான் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத சங்கதி. 'பாவம்' என்கிறார் என்று நான் சொல்கிறேன். 'மக்கு' என்கிறாள் என் மனைவி.