விடிய விடிய வள்ளி

ஏப்ரல் 3, 2025, வியாழன்

எங்கள் வீட்டில் சீரியலுக்கும் பெயர் நாடகம்தான். "நாடகம் போட்டாச்சு, சத்தத்தக் கூட்டு" என்று அத்தை சொன்ன அதே நேரத்தில் திருவிழா நோட்டீஸ் வந்தது. 11ஆம் தேதி இரவு வள்ளி திருமணம் நாடகம். அத்தை டிவியை அணைத்துவிட்டு நோட்டீஸைக் கையில் வாங்கினார்.

கதாநாயகனாக வரும் ராஜபார்ட் புதுக்கோட்டை, கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் மதுரை, சிரிக்கவைக்கும் பபூன் காரைக்குடி. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பதால்தான் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே கிடையாது. இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். அவருடைய பாட்டும் வசனமும் இவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அன்றிரவு மேடையில் சந்தித்துக்கொண்டாலே போதும், நாடகம் நடந்துவிடும். நடிப்புக் கலையில் இதைவிடப் பெரிய துணிச்சலை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இப்போது அத்தை பார்க்கும் சீரியலில் ஒரு கடிதம் மூன்று வாரமாகப் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. கதாநாயகி அதைக் கையில் எடுப்பாள், யாராவது வருவார்கள், திரும்ப வைத்துவிடுவாள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

மெதுவாகப் போவது குற்றமே இல்லை. 2002 முதல் 2005 வரை ஓடிய மெட்டி ஒலி சீரியலும் நிதானமாகத்தான் போனது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் கவலை ஒவ்வொரு நாளும் ஒரு புது முகம் காட்டும். 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது, கதை முழுக்கத் தெரிந்தும் உட்கார்ந்து பார்த்தோம். அடுத்து என்ன நடக்கும் என்பதற்காகவா பார்த்தோம்? அந்த மனிதர்கள் பேசுவதைக் கேட்கத்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டது: நடிகர் மாரிமுத்து. எதிர்நீச்சல் சீரியலில் ஆதி குணசேகரனாக அவர் "ஏய், இந்தாம்மா" என்று ஆரம்பித்தால் அத்தை கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிடுவார். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் இறந்த செய்தி வந்த நாளில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், நன்றாகவே நடித்தார். ஆனாலும் ஆதி குணசேகரன் என்றால் எனக்கு மாரிமுத்துதான்.

ஸ்பெஷல் நாடகத்தில் இப்படி இல்லை. வள்ளியைத் தேடி வரும் முருகனான வேலன் வேஷம் நூறு வருஷத்துக்கு மேலாகக் கை மாறிக்கொண்டே வருகிறது. அதில் பாடி நடித்த கிட்டப்பா 27 வயதில் 1933இல் போய்விட்டார். மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கிற குரல் அவருடையது. அவருக்குப் பிறகும் வேலன் ஊர் ஊராக வந்துகொண்டுதான் இருக்கிறான்.

ஏப்ரல் 12, சனி

தூங்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

பத்தரைக்கு பபூன் வந்தார். அப்புறம் டான்ஸ். பாய் விரித்துப் படுத்திருந்த பாதிக் கூட்டம் தூங்கியே போனது. ஒரு மணிக்கு மேல் வள்ளி வந்து ஆலோலம் பாடிக் கிளி ஓட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு நாரதர் வந்தார். தர்க்கம் தொடங்கியது. வயசுப் பெண் காட்டில் தனியாக நிற்கலாமா என்று கேட்டார். "என் காட்டில் நான் நிற்கிறேன், வீடு வாசல் இல்லாத தாங்கள் எந்த ஊர்க் காவலுக்கு வந்தீர்கள் சாமி?" என்றாள் வள்ளி. கூட்டத்தில் பெண்கள் பக்கம் விசில் பறந்தது! நாரதர் விடவில்லை. துறவுதான் பெரிது என்று ஒரு விருத்தம் எடுத்தார். வள்ளி அதே சுருதியில் பதில் விருத்தம் எடுத்து, துறவிக்குச் சோறு போடுவது யார் வீட்டு அடுப்பு என்று முடித்தாள். ஆர்மோனியக்காரர் சிரித்துக்கொண்டே அந்தக் கடைசி ஸ்வரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தார்.

முழுசாக ஒன்றரை மணி நேரம். கதை ஒரு அடி நகரவில்லை. வள்ளி முருகனைத்தான் கட்டிக்கொள்வாள் என்று மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் டீ குடிக்க எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டு, அதற்குத்தான் பதில் சொல்கிறார். அந்தச் சீரியலில் நான் தேடித் தேடிப் பார்த்துக் கிடைக்காதது இதுதான். அங்கே ஒருத்தர் பேசினால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், காமிரா மூன்று முறை போய்ப் பார்க்கிறது.

ஒரே குறை. வேலன் 'காயாத கானகத்தே' எடுத்து, குரல் மேலே ஏறும் சமயத்தில் மைக்கில் அன்பளிப்பு வாசித்தார்கள். ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய், கொடுத்தவர் பேர், அவர் தகப்பனார் பேர். கலைஞருக்குப் பணம் போவது நல்லதுதான், அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாட்டு முடிந்த பிறகு வாசிக்கலாமே. விளம்பர இடைவேளைகூடப் பாட்டின் நடுவில் வருவதில்லை.

யானை வந்தது, கிழவன் வந்தான், கல்யாணம் முடியும்போது கிழக்கு வெளுத்துவிட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

கடிதத்தை இன்று பிரித்துவிட்டார்கள். உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது நாளைக்காம்.

அத்தை அதைக் கவனிக்கவே இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே "எந்த ஊர்க் காவலுக்கு வந்தீக சாமி" என்று வள்ளி மாதிரியே இழுத்துச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, பக்கத்து ஊரில் 22ஆம் தேதி பவளக்கொடி போடுகிறார்களாம், ராத்திரி திரும்பி வர ஆட்டோ கிடைக்குமா என்று கேட்டார். விடிந்துதானே வருவோம் அத்தை, முதல் பஸ்ஸிலேயே வந்துவிடலாம் என்றேன்.