கனமான அம்புக்கு மாறியபோது

என் ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) 28 அங்குல இழுப்புக்கு 45 பவுண்ட் என்று போட்டிருக்கும். என் இழுப்பு 27 அங்குலம்தான், அதனால் விரலில் நிற்பது 43 பவுண்ட் அளவுக்கு. கணக்கை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வில்லில் எழுதியிருக்கும் எண் விளம்பரம் மாதிரி.

இதுவரை எய்தது 405 கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு) அம்பு, பவுண்டுக்கு 9.4 கிரெய்ன். 12-ஐ நெருங்கிப் பார்க்க ஆசை. அதே 500 ஸ்பைன் (தண்டின் விறைப்பைச் சொல்லும் எண், குறையக் குறைய விறைப்பு அதிகம்) கார்பன் தண்டில் 125 கிரெய்ன் முனையை எடுத்துவிட்டு 200 போட்டேன், முனையைத் திருகும் உட்செருகியான பழைய இன்செர்ட்டுக்குப் பதில் உள்ளே 50 கிரெய்ன் பித்தளை இன்செர்ட். மொத்தம் 510.

எடை கூடியதை உடனே காது சொன்னது. நாணின் படபடப்பு அடங்கி, கைக்கு வரும் அதிர்வும் குறைந்தது. ஆனால் முன்பக்கம் எடை ஏறினால் தண்டு அதிகம் வளையும், அதாவது ஸ்பைன் பலவீனமானதுபோல நடக்கும். 15 மீட்டரில் இறகில்லாத அம்பை விட்டதும் அது தெரிந்தது: இறகுள்ளவை ஒன்றாகக் குத்தியிருக்க, இது வலப்பக்கம் தள்ளிக் குத்தியது. (நான் வலக்கைக்காரன், இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.)

தண்டில் கை வைக்கும் முன் நாக் பாயிண்டை, அதாவது நாணில் அம்பின் வால் மாட்டும் இடத்தை, சரிசெய்தேன். அது தாழ்வாக இருந்தால் அம்பின் வால் ஷெல்ஃபில் (வில்லில் அம்பு தாங்கி நிற்கும் மேடை) இடித்துத் துள்ளும், அப்புறம் இடவல விலகலையும் நம்ப முடியாது. பிறகுதான் வெட்டு. கால் அங்குலம், மறுபடி எய்து பார், மீண்டும் கால் அங்குலம். தண்டு குறுகக் குறுக விறைப்பு ஏறும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் இங்கே அவசரமே கூடாது. 29 அங்குலத்துக்கு வந்தபோதும் கொஞ்சம் வலப்பக்கச் சாய்வு மிச்சமிருந்தது. பக்கவாட்டில் அம்பு உரசும் இடத்தில் மெல்லிய தோல் துண்டு ஒன்றைக் கூடுதலாக ஒட்டினேன். அம்பு நடுக்கோட்டைவிட்டுச் சற்று வெளியே தள்ளப்பட்டு, விறைப்பான அம்புபோலப் பறந்தது. சாய்வும் போனது.

இதைவிட எளிய வழி, முதலிலேயே 400 ஸ்பைன் தண்டு வாங்கி, நீளமாகவே வைத்துக்கொண்டு முனை எடையால் சரிசெய்வது. கனமான முனை வேண்டும் என்று தெரிந்திருந்தால் அதுதான் என் பரிந்துரை. வெட்டிய பிறகும் என் அம்பு 500 கிரெய்னை ஒட்டித்தான் இருக்கிறது, சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து நீளத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் முன்னால்.

வேகம் குறைந்ததால் தூரத்தில் அம்பு சீக்கிரமே இறங்குகிறது. 15 மீட்டரில் பெரிய வித்தியாசமில்லை. 30 மீட்டருக்கான குறியை மட்டும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது.